பத்தாவது ஃபாரம்

முதலில் மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து சரியாக இருக்காது. கார்ப்பரேஷன் பள்ளியில் ஐந்தாவது வரைதான் படித்தேன். எங்கே சின்ன ர வரும், எங்கே பெரிய ற வரும் என்று இப்போதும் சந்தேகம்தான். இத்தனை வருஷம் புத்தகங்களுக்கு நடுவிலேயே நிற்கிறவனுக்கு இது வெட்கமான விஷயம். எங்கள் பைண்டர்கள் சங்க மலருக்காக இதை டைப் அடிக்கிறவர்கள் எழுத்துப் பிழைகளைத் தாராளமாகத் திருத்திக்கொள்ளலாம். சொல்லியிருக்கிற விஷயத்தை மட்டும் மாற்ற வேண்டாம், முக்கியமாக முடிவை. ஏன் என்று படித்தால் தெரியும்.

என் பெயர் எத்திராஜ். வீடு எம்.கே.பி. நகர். தொழில் புத்தக பைண்டிங். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. எழுத்தாளர்கள் யாராவது ஷெட்டுக்குள் வந்தால் தாள் கட்டுகளுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். அதனால்தான் இதைச் சொல்ல இவ்வளவு வருஷம் ஆனது.

1. கம்பெனி வந்த நாள்

எங்கள் பதிப்பகம் திருவொற்றியூரில் ஹைரோட்டிலிருந்து கடல் பக்கம் திரும்பும் ஒரு சந்தில் இருந்தது. முன்னால் ஆபீஸ், பின்னால் தகரக் கூரை போட்ட பைண்டிங் ஷெட். அச்சடிப்பது ராயபுரத்தில் ஒரு பிரஸ்ஸில். கன்டெய்னர் லாரிகள் ஹார்பருக்கு வரிசை கட்டி நிற்கும் நாளில் ராயபுரத்திலிருந்து தாள் வந்து சேர அரை நாள் ஆகிவிடும்.

தொண்ணூறுகளின் கடைசியில் பழைய முதலாளி பதிப்பகத்தை விற்றுவிட்டார். வாங்கியது கிண்டியில் ஹெட் ஆபீஸ் வைத்திருந்த ஒரு பெரிய குரூப். சமையல் எண்ணெய், லாரி, எண்ணூர்ப் பக்கம் ஒரு கெமிக்கல் ஃபேக்டரி என்று அவர்களுக்குப் பல தொழில். நாங்கள் அவர்களை ‘கம்பெனி’ என்றே சொல்வோம்.

கம்பெனி அனுப்பிய மேனேஜர் பிரகாஷ் சாருக்கு முப்பது வயதுகூட இருக்காது. டை கட்டியிருந்தார். முதல் நாள் எங்களை எல்லாம் ஷெட்டில் நிற்க வைத்துப் பேசினார்.

“யாரும் பயப்படாதீங்க. யாரையும் வேலையை விட்டு அனுப்பப் போறதில்ல. ஆனா இனிமே எல்லாத்துக்கும் ஒரு ப்ரொசீஜர் இருக்கும்.”

கட்டிங் மெஷின் ஓட்டும் மஹபூப் பாய் என் காதில் கேட்டார். “ப்ரொசீஜர்னா இன்னா எத்திராஜு? ஊசி போடுவானுங்களா?”

கம்பெனியைப் பற்றிக் குறை மட்டும் சொன்னால் அது பொய்யாகிவிடும். எனக்கு பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இரண்டும் வந்தது அவர்கள் வந்த பிறகுதான். தூசியை வெளியே தள்ள ஃபேன் போட்டார்கள். சம்பளம் ஒன்றாம் தேதி கைக்கு வந்தது. நாவல் எழுதியவர்களுக்கு செக் போனது. பழைய முதலாளி காலத்தில் எழுத்தாளர்கள் அவர் ரூம் வாசலில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் பழைய முதலாளி கதைகளைப் படிக்கவே மாட்டார். அதனால் கதைகளுக்கு ஆபத்தில்லாமல் இருந்தது. கம்பெனி படித்தது.

2. படிக்கட்டும் ஆணியும்

இளைய பைண்டர்கள் பலர் மெஷின் காலத்தில் வந்தவர்கள். அவர்களுக்காக எங்கள் முறையைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பெரிய தாளில் இரண்டு பக்கமும் அடித்து, மூன்று மடிப்பு மடித்தால் பதினாறு பக்கம். அதுதான் ஒரு ஃபாரம். கம்பெனி வந்ததும் எல்லா நாவலும் பத்து ஃபாரம்தான் என்று ஆக்கிவிட்டார்கள். கதை எட்டு ஃபாரத்தில் முடிந்தால் இழுக்க வேண்டும். பன்னிரண்டு வந்தால் வெட்ட வேண்டும். நீள மேஜையில் ஒன்றிலிருந்து பத்து வரை ஃபாரங்களை வரிசையாக அடுக்கி வைப்போம். நான் ஒரு முனையிலிருந்து நடந்து ஒவ்வொன்றிலும் ஒன்று எடுத்துக்கொண்டே போவேன். மறு முனைக்குப் போனால் கையில் ஒரு புத்தகம் இருக்கும்.

ஒவ்வொரு ஃபாரத்தின் முதுகிலும் ஒரு சின்னக் கறுப்புக் கட்டம் அச்சாகியிருக்கும். முதல் ஃபாரத்தில் மேலே, அடுத்ததில் கொஞ்சம் கீழே. பத்தையும் சேர்த்துப் பார்த்தால் படிக்கட்டு மாதிரி இறங்கும். படிக்கட்டில் ஒரு படி விட்டுப்போனாலோ இரண்டு தடவை வந்தாலோ கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். படிக்கட்டு சரியாக இருந்தால் புத்தகம் சரி.

பிரகாஷ் சார் கொண்டுவந்த ப்ரொசீஜர்களில் ஒன்று ‘முதல் காப்பி’. வேலை தொடங்குமுன் ஒரே ஒரு காப்பி முழுசாக முடித்து எடிட்டரிடம் கொடுக்க வேண்டும். அவர் பக்கம் பக்கமாகப் பார்த்து உள்ளட்டையில் கையெழுத்துப் போடுவார். அந்தக் காப்பியை ஷெட்டில் ஓர் ஆணியில் மாட்ட வேண்டும். அதன்பிறகு ஒவ்வொரு காப்பியும் ஆணியில் தொங்குவதைப் போலவே இருக்க வேண்டும். ஒரு பக்கம் வேறாக இருந்தாலும் பைண்டர்தான் பொறுப்பு. அதே மாதிரி இருந்துவிட்டால் பைண்டரை யாரும் ஒன்றும் கேட்க முடியாது.

மடிக்கும்போது படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஒரு ஃபாரத்தை நாள் முழுக்க மடிப்பேன். அந்தப் பதினாறு பக்கத்தில் நான்கைந்து பக்கம்தான் கண்ணில் படும், ஆனால் திரும்பத் திரும்பப் படும். முன்கதை தெரியாது, பின்கதை தெரியாது. அப்படியே படித்துத்தான் எனக்குத் தமிழ் வந்தது.

அப்படிப் படித்ததில் ஒன்று கவனித்தேன். முன்பெல்லாம் பத்தாவது ஃபாரத்தில் எது வேண்டுமானாலும் நடக்கும். ஒருத்தன் செத்துப்போவான், ஒருத்தி ரயில் ஏறிவிடுவாள். கம்பெனி வந்த பிறகு பத்தாவது ஃபாரத்தில் எல்லோரும் சிரித்தார்கள். டி.வி.க்காரர்கள் நாவலை சீரியலுக்கு வாங்குவார்கள் என்று கம்பெனிக்கு ஒரு கணக்கு இருந்தது. கதை கிண்டியில் ஒரு கமிட்டிக்குப் போகும். திரும்பி வரும்போது அதில் வீடு பெரிதாகியிருக்கும், மாமியார் கெட்டவளாகியிருப்பாள், கடைசியில் கல்யாணம் நடந்திருக்கும். நன்றாக எழுதுகிற சிலர் நின்றுவிட்டார்கள். நிற்க முடியாதவர்கள் கமிட்டிக்குப் பிடித்த மாதிரி எழுதப் பழகிக்கொண்டார்கள். அவர்களை நான் தப்பு சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் வீடு வாசல் இருந்தது.

3. கருவாடும் கதையும்

எங்கள் எடிட்டர் சம்பந்தம் சார். ரிட்டயர் வயது தாண்டி, வருஷா வருஷம் எக்ஸ்டென்ஷனில் இருந்தார். யாருடைய எழுத்தையும் அவர் பாராட்டிக் கேட்டதில்லை. ‘பரவாயில்ல’ என்று சொன்னால் எழுதியவர் ஸ்வீட் வாங்கிக்கொண்டு வருவார்.

ஒரு நாள் காலையில் கேட்டில் சத்தம். தலைச்சுமைக் கூடையோடு ஓர் அம்மா நின்றிருந்தார். வாட்ச்மேன் வழியை மறித்தார்.

“கருவாடு விக்கிற எடம் இல்லம்மா இது.”

“கருவாடு விக்க வர்ல. கதை குடுக்க வந்தேன். ஒனக்குக் கருவாடு வோணும்னா சாயந்திரம் மார்க்கெட்டாண்ட வா.”

அவர்தான் தேசம்மா. எர்ணாவூர் தாண்டி ஆற்று முகத்துவாரத்துப் பக்கம் ஒரு குப்பம். பத்தாவது வரை படித்தவர். கருவாடு விற்றுவிட்டு வந்து லாங் சைஸ் நோட்டுகளில் எழுதுவார். ஏழு நோட்டுகளைப் பாலிதீனில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

சம்பந்தம் சார் முதல் நோட்டை நின்றுகொண்டே படித்தார். அப்புறம் உட்கார்ந்தார். மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. நாலு மணிக்கு ஷெட்டுக்கு வந்து, யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்பது போல என்னிடம் சொன்னார்.

“எத்திராஜ், இந்தம்மா எழுத்துல ஒரு வார்த்தையை எடுத்துப் பார்த்தேன்ப்பா. வாக்கியமே விழுந்துடுது. திரும்ப வச்சிட்டேன்.”

கதை பூவம்மா என்கிற பெண்ணைப் பற்றியது. அவள் குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு ஃபேக்டரி ஆற்றில் வெந்நீரை விடுகிறது. மீன் போய்விடுகிறது. புருஷன் வேறு ஊர்ப் படகில் கூலிக்குப் போகிறான். அவள் எத்தனையோ ஆபீஸ் ஏறி இறங்குகிறாள். கடைசியில் ஒரு காலையில், செத்து மிதக்கும் மடவை மீன்களைக் கூடையில் அள்ளிக்கொண்டு போய் ஃபேக்டரியின் மஞ்சள் கேட்டுக்கு முன்னால் ரோட்டில் உட்கார்ந்துவிடுகிறாள். லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. வாட்ச்மேன் வந்து ‘எழுந்திரும்மா’ என்கிறான். அவள் எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான், கதை முடிந்தது.

நாவல் பத்தரை ஃபாரம் வந்தது. சம்பந்தம் சார் ஒரு வரி வெட்டவில்லை. பக்கத்துக்கு இரண்டு வரி கூட்டி, ஓரத்தைக் குறைத்து, பத்து ஃபாரத்துக்குள் கொண்டுவந்துவிட்டார். கமிட்டிக்கு நோட்டுகளை அனுப்பாமல் ‘மீனவப் பெண்ணின் குடும்ப நாவல்’ என்று ஒரு பக்கச் சுருக்கம் மட்டும் எழுதி அனுப்பினார். பொய் இல்லை, ஆனால் முழுசும் இல்லை. கமிட்டி சுருக்கத்தைப் படித்து ஓகே சொல்லி, தலைப்பை மட்டும் மாற்றிவிட்டது. தேசம்மா அக்கா அதற்குச் சிரித்தார்.

“பேர் இன்னாவோ வெச்சிக்கினு போங்க சார். புள்ளையோட மூக்கு முழிய மாத்தாத வரிக்கும் சரி.”

இங்கிலீஷில் பத்துப் பக்க ஒப்பந்தம் ஒன்று வந்தது. அதில் கையெழுத்தும் போட்டார். எல்லோரும் போடுவதுதான். பிற்பாடுதான் தெரிந்தது, எதையும் மாற்ற கம்பெனிக்கு உரிமை உண்டு என்றும், அவருடைய அடுத்த இரண்டு புத்தகங்களும் கம்பெனிக்கே என்றும் அதில் இருந்தது.

4. மஞ்சள் கேட்

பத்து ஃபாரமும் அச்சாகி வந்தது. பத்தாவதை நான் நான்கு நாள் மடித்தேன். பூவம்மா நான்கு நாளும் என் கைக்குள் அந்தக் கேட் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குப் போகும் பஸ் லாரி வரிசையில் சிக்கி நிற்கும்போதெல்லாம் முன்னால் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தேன்.

மடித்து முடிக்கும் நேரத்தில் பிரகாஷ் சார் கையில் அச்சடித்த தாளோடு, ஷெட்டில் நின்றிருந்த சம்பந்தம் சாரிடம் வேகமாக வந்தார். கிண்டியில் யாரோ முழுசாகப் படித்துவிட்டார்கள்.

“சார், கேட்டு மஞ்சள் கலர்னு எழுதியிருக்காங்க. நம்ம குரூப் ஃபேக்டரி கேட்டும் மஞ்சள்.”

“நீலம்னு மாத்திடலாமே” என்றார் சம்பந்தம் சார்.

“அதையும் யோசிச்சாங்க சார். நீலம்னு போட்டாலும் நம்மதுதான்னு தெரியும்ங்கறாங்க. கடைசி ஃபாரத்தை மட்டும் மாத்தி அடிக்கணும். பாசிட்டிவ் எண்டிங்.”

கம்பெனிக்கு வழக்கமாக எழுதுகிற ஒருவர் ஒரே நாளில் புது முடிவை எழுதிக் கொடுத்தார். அதில் ஃபேக்டரி ஆபீசர் காரிலிருந்து இறங்கி வந்து பூவம்மாவைக் கைகொடுத்து எழுப்புகிறார். அவள் மகனுக்கு வேலை கிடைக்கிறது. ஆற்றில் தண்ணீர் குளிர்கிறது.

அக்காவை வரச் சொல்லி, ஷெட்டுக்குக் கூட்டிவந்து, அட்டையைக் காட்டி, அதோடு அந்தப் புது முடிவின் புரூஃபையும் கொடுத்தார் பிரகாஷ் சார். அவர் மோசமான ஆள் இல்லை. இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் அட்டையை முதலில் காட்டினார். அக்கா ஒரு தாள் கட்டின் மேல் உட்கார்ந்து பதினாறு பக்கத்தையும் படித்தார். நாங்கள் எல்லோரும் வேலை செய்வது போல நின்றுகொண்டிருந்தோம்.

“சார், இவ எய்ந்துட்டாளே.”

“ஆமாம்மா. ஆபீசரே வந்து எழுப்பறார். படிக்கிறவங்களுக்கு ஒரு திருப்தி இருக்கும்.”

“எந்த ஆபீசரு சார்? பேரச் சொல்லு. நான் பொறந்ததுலேர்ந்து அங்கதான் கீறேன். ஒர்த்தரும் எறங்கி வந்ததில்ல.”

“இது கதைதானம்மா.”

“அத்ததான் நானும் சொல்றேன். கதையிலயாவது நெஜம் இருக்கோணுமா வாணாமா? அவ குந்திகினு கீறா. யாரு வந்து எய்ப்புவாங்கன்னு எனக்கே தெர்லயே. தெரிஞ்சிருந்தா நான் எய்திருக்க மாட்டனா?”

பிரகாஷ் சார் அட்டையை மேஜையில் வைத்தார்.

“அப்போ என் பேர எட்துடு. எய்துனவரு பேரப் போட்டுக்கோ.”

“கவர் அடிச்சாச்சும்மா. ஒப்பந்தப்படி பேரும் கம்பெனி முடிவுதான்” என்று அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அக்கா சத்தம் போடவில்லை. புரூஃபை மடித்து, கசங்காமல் மேஜையில் வைத்தார். போகும்போது என் பக்கம் திரும்பினார். எனக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை.

“நைனா, நீதான் இத்த மடிக்கிறவனா?”

தலையை ஆட்டினேன்.

“நான் எய்துனத நீ படிச்சியா?”

படித்திருந்தேன். நான்கு நாள் படித்திருந்தேன். பெரிய எழுத்தாளர்களுக்கு எல்லாம் வராத ஒன்று இதில் வந்திருக்கிறது என்று சொல்ல வாயில் வார்த்தை இருந்தது. நான் குனிந்து ஃபாரங்களை எண்ணத் தொடங்கிவிட்டேன். அக்கா கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

மஹபூப் பாய் மெஷினை நிறுத்திவிட்டுத் திட்டினார். “அரே, ஒரு வார்த்த சொன்னா வாயில கீற முத்து கொட்டிடுமாடா? ஆமாக்கான்னு சொல்றதுக்கு இன்னா பேஜாரு ஒனக்கு?”

5. மழை

பழைய பத்தாவது ஃபாரக் கட்டுகளை எடைக்குப் போடச் சொன்னார்கள். நானும் பாயும் அவற்றைக் கேட் ஓரமாக வைத்தோம். வேஸ்ட் பேப்பர்காரருக்கு ‘கேட்டாண்ட இருக்கிறது உங்களுது’ என்று சொல்லியாயிற்று. புது ஃபாரம் அவசரம் என்பதால் ராயபுரத்திலேயே அடித்து, மடித்து, கட்டி அனுப்புவதாக ஏற்பாடு.

மறுநாள் காலை மழை பிடித்துக்கொண்டது. கேட் பக்கம் கூரை ஒழுகும். எடைக்குப் போகிற தாள்தான், நனைந்தால் என்ன என்று மற்றவர்கள் விட்டிருப்பார்கள். பைண்டரால் முடியாது. தாள் நனைவதைப் பார்த்துக்கொண்டு எங்களால் நிற்க முடியாது. நான் தனியாளாக எல்லாக் கட்டுகளையும் சுமந்து உள்ளே கொண்டுவந்து, காய்ந்த இடம் அது ஒன்றுதான் என்பதால், மேஜையின் கடைசியில் பத்தாவது ஃபாரம் வைக்கும் இடத்திலேயே அடுக்கினேன். நன்றாக நனைந்துவிட்டேன். சாயங்காலமே காய்ச்சல். இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை.

நான் இல்லாதபோது நடந்தது இது. மழை விட்ட பிறகு ராயபுரம் லாரி வந்தது. லாரிக்காரர்கள் புதுக் கட்டுகளைக் கேட் ஓரத்துப் பலகையில் இறக்கிவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் வேஸ்ட் பேப்பர்காரர் மீன்பாடி வண்டியோடு வந்தார். கேட்டாண்ட இருந்ததை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாம் நாள் நான் வந்தபோது கேட் பக்கம் காலியாக இருந்தது. மேஜைக் கடைசியில் பத்தாவது ஃபாரம் இருந்தது. நான் உள்ளே வைத்ததை வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டு, புதியதை அந்த இடத்தில் பாய் வைத்திருப்பார் என்று நான் நினைத்தேன். புதியதை லாரிக்காரர்களே உள்ளே அடுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று பாய் நினைத்தார். கட்டின் மேல் ஒட்டிய சீட்டில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான்: நாவல் பெயர், ஃபாரம் 10. முதுகில் கறுப்புக் கட்டமும் ஒரே இடத்தில். முதல் காப்பியைச் சேர்த்தேன். படிக்கட்டு சரியாக இறங்கியது.

சம்பந்தம் சார் அந்தக் காப்பியை ஒரு பகல் முழுக்க வைத்திருந்து, கையெழுத்துப் போட்டு, தானே வந்து ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் உச்சிப் பொழுது. பாதிக்கு மேல் சேர்த்திருப்பேன். கம்பெனிக்காரர் எழுதிய முடிவு எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்க ஒரு காப்பியின் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். பூவம்மா உட்கார்ந்திருந்தாள்.

பாயிடம் கேட்டபோதுதான் வண்டியில் போனது புதுக் கட்டு என்று தெரிந்தது. காப்பியை எடுத்துக்கொண்டு சம்பந்தம் சார் மேஜைக்குப் போனேன்.

“சார், கடைசி ஃபாரம்...”

அவர் நிமிரவில்லை. புரூஃபில் எதையோ திருத்திக்கொண்டே கேட்டார். “ஆணியில மாட்டினது எப்படி இருக்கு?”

“இதே மாதிரி சார்.”

“ப்ரொசீஜர் என்ன சொல்லுது?”

“கையெழுத்து போட்ட காப்பி மாதிரியே இருக்கணும்.”

“அப்புறம் என்ன? போய் வேலையைப் பார்.”

அவர் பேனா மறுபடி புரூஃபில் ஓடியது.

பிரகாஷ் சார் ரூம் பத்தடியில் இருந்தது. கதவு திறந்துதான் இருந்தது. என் இரண்டு பெண்களைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தேன். நானாகப் போய்ச் சொல்லிவிட்டால் என் வேலை தப்பும். அங்கே எவ்வளவு நேரம் நின்றேன் என்று நினைவில்லை. பிறகு ஷெட்டுக்குப் போய் ஒன்றாவது ஃபாரத்திலிருந்து மறுபடி நடக்கத் தொடங்கினேன்.

6. விசாரணை

புத்தகம் வெளியே போய் மூன்று வாரம் கழித்து, கிண்டி ஆபீஸ்காரர் ஒருவர் ரயில்வே ஸ்டேஷன் கடையில் வாங்கிப் படித்துவிட்டார். மறுநாள் மத்தியானம் பிரகாஷ் சார் சம்பந்தம் சார், பாய், நான் என்று எங்கள் மூன்று பேரையும் ரூமுக்குக் கூப்பிட்டார். ஆணியில் தொங்கிய காப்பி அவர் மேஜையில் இருந்தது.

“எத்திராஜ், இதை நீங்க தெரிஞ்சு செஞ்சீங்களா, தெரியாம செஞ்சீங்களா?”

பாய் முந்திக்கொண்டார். “தெர்யாமதான் சார். மழையில...”

“அவரைச் சொல்லவிடுங்க.”

எனக்கு அக்கா கேட்ட கேள்விதான் காதில் விழுந்தது. அன்றைக்கு வராத வார்த்தை இன்றைக்கு வந்தது.

“பாதி வரைக்கும் தெரியாம சார். மீதிய தெரிஞ்சேதான் சேர்த்தேன்.”

பாய் என் காலை ஓங்கி மிதித்தார். இப்போதும் மழை நாளில் அந்த விரல் வலிக்கும் என்று அவரிடம் சொல்லிச் சிரிப்பேன்.

சம்பந்தம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அவனுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல பிரகாஷ். முப்பது வருஷமா எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் நான் கடைசிப் பக்கத்தைத்தான் முதல்ல படிப்பேன். படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். இவங்க ஆணியில இருந்ததைப் பார்த்து வேலை செஞ்சாங்க. அது நீங்க எழுதின ப்ரொசீஜர்.”

பிரகாஷ் சார் அந்தக் காப்பியின் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

“நேத்து எலெக்ட்ரிக் ட்ரெய்ன்ல இதைப் படிச்சேன் சார். எறங்கவேண்டிய ஸ்டேஷன் தாண்டிப் போயிட்டேன்.”

பாய் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. “எய்ந்திருக்கவே இல்லையா சார் நீங்களும்?”

பிரகாஷ் சார் சிரித்துவிட்டார். அன்றைக்கே கிண்டிக்கு ரிப்போர்ட் அனுப்பினார். நாங்களும் கையெழுத்துப் போட வேண்டியிருந்ததால் படித்துப் பார்த்தேன். பைண்டிங் பிரிவு விதிப்படி நடந்தது என்றும், இனிமேல் மாற்றி அடிக்கும் ஃபாரத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட வேண்டும் என்றும் இருந்தது. என் மேல் ஒரு வரி இல்லை. தெரிந்தே சேர்த்தேன் என்று நான் சொன்னதை அவர் எழுதவே இல்லை.

அக்காவுக்கு விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. ஒரு வாரம் கழித்து மஹபூப் பாயிடம் வஞ்சிரக் கருவாடு ஒரு பெரிய பொட்டலம் கொடுத்தனுப்பினார். ‘தப்பு பண்ணவங்க பங்கு போட்டுக்கினு துன்னுங்க’ என்று சொல்லியிருந்தார். மூன்று பங்கு போட்டோம். சம்பந்தம் சார் சைவம். அவர் பங்கையும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

7. பிறகு

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுதினால் நானும் கமிட்டி முடிவு எழுதினவனாகிவிடுவேன்.

அந்த மார்ச்சில் சம்பந்தம் சாருக்கு எக்ஸ்டென்ஷன் லெட்டர் வரவில்லை. கடைசி நாள் ஷெட்டுக்கு வந்து ஒவ்வொருவர் கையையும் பிடித்துவிட்டு, வழக்கம் போலக் குடையோடு போனார். பிரகாஷ் சாரை எண்ணெய் டிவிஷனுக்கு மாற்றிவிட்டார்கள். புத்தகம் விற்றுத் தீர்ந்தது, கடைக்காரர்கள் கேட்டார்கள், ஆனால் கம்பெனி மறுபடி அடிக்கவில்லை. வேறு யாரையும் அடிக்கவும் விடவில்லை. அடுத்த இரண்டு புத்தகமும் கம்பெனிக்குத்தான் என்று ஒப்பந்தம் இருந்ததால், அக்கா எழுதியதை வெளியே கொடுக்கவும் முடியவில்லை. இவர்களிடம் கொடுக்கவும் அவருக்கு மனசில்லை. பல வருஷம் அவர் பெயரில் ஒரு புத்தகமும் வரவில்லை. அதற்கு என் பங்கு எவ்வளவு என்று இப்போதும் யோசிப்பேன்.

ஆனால் அக்கா எழுதுவதை நிறுத்தவில்லை. கூடை தூக்குவதையும் நிறுத்தவில்லை. நோட்டுகள் டிரங்குப் பெட்டியில் ஏறிக்கொண்டே போயிருக்கின்றன. கம்பெனி எங்கள் ஷெட்டை மூடி, நான் புளியந்தோப்பில் வேறு பைண்டிங் கடைக்கு வந்த பிறகு, ஒப்பந்தக் காலமும் முடிந்தது. இந்த வருஷம் ஒரு சின்னப் பதிப்பகம் பூவம்மா நாவலை அக்கா வைத்த பழைய தலைப்பிலேயே அடித்து, பைண்டிங்குக்கு எங்கள் கடைக்கே அனுப்பியது. பதினொரு ஃபாரம். வரிகளை நெருக்காமல், ஓரம் விட்டு, காற்றோட்டமாக அடித்திருந்தார்கள்.

போன மாதம் அக்கா கடைக்கு வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

“இன்னா நைனா, கேட்ட கேள்விக்கு இன்னும் நீ பதில் சொல்லல?”

நான் மறுபடியும் குனிந்துவிட்டேன். அவர் சிரித்தார்.

“சரி வுடு. வாயால வர்லன்னா எய்திக் குடு. எனக்கு மட்டும் இன்னா, நாலு பேரு படிக்கட்டும்.”

அதனால்தான் எழுதினேன். நான் பார்த்தவர்களில் இவர்களைத்தான் பெரியவர்கள் என்று சொல்வேன். ஒரு முடிவை விட்டுக்கொடுக்காத ஓர் அம்மா. அந்த முடிவுக்குக் கீழே கையெழுத்துப் போட்டு வேலையை இழந்த ஒரு மனிதர். கம்பெனி சம்பளம் வாங்கிக்கொண்டே எங்களைக் காப்பாற்றி ரிப்போர்ட் எழுதிய ஓர் இளைஞர்.

இளைய பைண்டர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சேர்ப்பதற்கு முன் கடைசி ஃபாரத்தைத் திறந்து படியுங்கள். நான் படிக்காமல் சேர்த்தது தப்பு. அது நல்லதாக முடிந்தது என் கெட்டிக்காரத்தனம் இல்லை. படித்து உங்களுக்குப் பிடித்திருந்தால், எழுதியவர் எதிரில் வந்து நிற்கும்போது வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். என்னைப் போல இருக்காதீர்கள்.

தேசம்மா அக்கா, படித்தேன். அன்றைக்கே படித்திருந்தேன். நான்கு நாள் படித்தேன். அவள் எழுந்திருக்காதது சரி.

ஞாயிற்றுக்கிழமை, 22 நவம்பர் 2009.